மெஷினில் போட்ட துண்டு

1

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டருக்குப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டின் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்துக் கெடுத்த முட்டாள் நான்தான். பழியை வேறு ஆள்மேல் தள்ளிவிடப் பார்த்தேன். ஒருவரும் வாங்கிக்கொள்ளவில்லை. ஆகவே நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இதை இப்போது எழுதக் காரணம், அடுத்த வாரம் என் இளைய மகளுக்கு முதல் பிறந்தநாள். இந்த வளைகுடா நகரத்தில் பிறந்தநாள் என்றால் கேக் வெட்டியே ஆக வேண்டும் என்று மூத்தவள் கயல்விழி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அவளுக்கு ஆறு வயது. அரியலூரில் பிறந்து மூன்று வயதில் இங்கே வந்தவள். விமானத்திலிருந்து இறங்கும்போது “எங்க வூட்டுல, எங்க வூட்டுல” என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். இப்போது அவள் பேச்சில் தமிழ், இலையில் ஊறுகாய் அளவுக்கு மிச்சம் இருக்கிறது.

நேற்று அவளுக்குத் தங்கை பிறந்த கதையைச் சொன்னேன். அந்தக் கதையின் உயிரே துண்டு போடுவதில்தான் இருக்கிறது. அவளுக்கோ அதுவே விளங்கவில்லை.

“பஸ் ஜன்னல் வழியா துண்ட உள்ள போட்டா, அந்த சீட்டு நம்புளுதுன்னு அர்த்தம்” என்றேன்.

“யாராவது துண்ட எடுத்துட்டுப் போயிட்டா?”

“எடுக்க மாட்டாங்க.”

“போலீஸ் நிக்குமா?”

“போலீஸ் எதுக்கு? அதான் துண்டு இருக்குல்ல.”

“டாடி, இட்ஸ் நாட் ஃபேர்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். 

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் ரயில் வசதி உள்ள ஊர்க்காரர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. மெயின் ரோட்டில் வருகிற பஸ் எல்லாம் வரும்போதே பிதுங்கிக்கொண்டுதான் வரும். நாலு பேர் இறங்குவார்கள், நாற்பது பேர் ஏறுவோம். படி வழியாக ஏறி இடம் தேடுகிறவன் ஏமாளி. ஜன்னல் வழியாகத் துண்டு போட்டுவிட்டு நிதானமாக ஏறுகிறவன் பயணி. துண்டு விழுந்த இடம் பட்டா கிடைத்த இடம். துண்டு இல்லாதவன் கைக்குட்டை, குடை, மஞ்சள் பை என்று கையில் கிடைத்ததைப் போடுவான். ஒருவன் அவசரத்தில் ஒற்றைச் செருப்பைக் கழற்றிப் போட்டான். அவன் ஏறுவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. அவனுடைய இன்னொரு செருப்பு வெகுகாலம் எங்கள் வீட்டில் கிடந்தது. அந்த ஒருவன் நான்தான்.

என் மனைவி வளர்மதி அரியலூர். ரயில் நிலையம் இருக்கிற ஊர் என்பதில் அந்த வீட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பெண் பார்த்துவிட்டு நாங்கள் கிளம்பும்போது, என் மாமனார், “மாப்ள வூட்டுக்காரங்க எதுக்கு இப்புடி ஓடுறாங்க? பஸ்ஸு நிக்கும்ல?” என்று கேட்டாராம். நிற்காது. அது அவருக்குத் தெரியாது.

2

நான் திருச்சியில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்துவிட்டு, பெரம்பலூரில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவன். ஏ.சி. மெக்கானிக் வேலை என்று சொல்லித்தான் ஏஜெண்ட் அனுப்பினார். வந்து இறங்கினால், ஏ.சி.க்கு ஏற்கெனவே ஆள் போட்டாகிவிட்டது. ஆஸ்பத்திரி அதிகாரி என் சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, கீழ்த்தளத்துக் கம்ப்யூட்டர் அறைக்கு அனுப்பிவைத்தார். அந்த அறையில் ஏ.சி. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. என் படிப்புக்கும் அந்த வேலைக்கும் இருந்த தொடர்பு அவ்வளவுதான்.

அங்கே பீரோ பீரோவாக ஒரு பெரிய மெஷின் நின்றது. ஆஸ்பத்திரிக்கு வருகிற ஒவ்வொரு நோயாளியின் விவரமும் அதற்குள். காகிதக் கட்டுகளை எல்லாம் லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே ஒரு கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். வார்டு, பரிசோதனைக்கூடம், மருந்து கொடுக்கும் இடம், சமையற்கட்டு என்று எங்கு பார்த்தாலும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். சின்னது கேட்கும், பெரியது எடுத்துக் கொடுக்கும். சின்னதில் கேட்கிற புரோகிராமை ஏற்றி, வயரை இழுத்து, இரண்டையும் பேச்சுவார்த்தைக்குக் கொண்டுவருவது என் வேலை. புத்தகத்தில் பெரிய மெஷினுக்கு சர்வர் என்று பேர் போட்டிருந்தது. எனக்குத் தெரிந்த சர்வர் ஓட்டலில் தோளில் துண்டோடு இருப்பார். இதற்குத் துண்டு இல்லையே என்று நினைத்தேனோ என்னவோ, நான் ஒன்று போட்டுவிட்டேன்.

சங்கடம் இதுதான். பெரிய மெஷினுக்குள் ஒரே நேரத்தில் முப்பத்திரண்டு பேருக்குத்தான் இடம். கேட்கிறவர்களோ அதைப் போல இரண்டு மடங்கு. இடம் நிரம்பிய பிறகு வருகிறவனுக்குத் திரையில் ஒரு வரி வரும்: ‘இடமில்லை, பிறகு முயலவும்.’ நம் ஊர்க் கண்டக்டர் இதையே வேறு வார்த்தைகளில் சொல்வார். ஆகவே வேலை முடிந்ததும் ஒவ்வொருவரும் முறையாக விடைபெற்று வெளியே வர வேண்டும் என்பது விதி. வராமல் அரைமணி நேரம் சும்மா இருந்தால் மெஷினே இறக்கிவிட்டுவிடும்.

இன்னும் பத்து இடம் வேண்டும் என்று எங்கள் தலைவர் உஸ்மான் சார் எழுதிப் போட்டார். அவர் சூடான்காரர். வார்த்தைகளைச் சம்பளத்திலிருந்து பிடிப்பார்களோ என்கிற மாதிரி பேசுவார். ‘இருக்கிற இடங்கள் முழுதும் பயன்படுகின்றனவா என்பதைக் காட்டவும்’ என்று மேலேயிருந்து பதில் வந்தது. காட்டினோம். ‘எப்போதும் நிரம்பி இருப்பது எப்படி என்று விளக்கவும்’ என்று அடுத்த பதில். அந்த விளக்கத்தை உஸ்மான் சாரால் எழுத முடியவில்லை. எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

விஷயம் இப்படித் தொடங்கியது. சமையற்கட்டில் யாருக்கு என்ன சாப்பாடு என்று பார்த்து அனுப்புகிறவர் ஜமால் பாய். எங்கள் ஊர்ப் பக்கத்து லப்பைக்குடிக்காட்டுக்காரர். ஊரில் எங்களுக்கு அறிமுகம் இல்லை. இங்கே வந்த முதல் மாதமே மாமன் மச்சான் ஆகிவிட்டோம். ஒருநாள் வயர் சரிபார்க்கப் போனபோது பிடித்துக்கொண்டார்.

“மாப்ள, காலைலேர்ந்து இடமில்லை இடமில்லைங்குது. சக்கரை நோயாளி எவன்னு தெரியாம அத்தன பேருக்கும் பாயசத்த ஊத்தி அனுப்பட்டுமா?”

“உள்ள போனா வெளிய வராதீங்க பாய்.”

“அரைமணிக்கு ஒரு தடவ கழுத்தப் புடிச்சித் தள்ளுதேடா.”

அன்று மாலை குட்டியாக ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். ஆள் இல்லாவிட்டாலும் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை அது பெரிய மெஷினைச் சுரண்டி, ‘இருக்கிறேன், இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஜமால் பாய் ரொம்பவும் வேண்டியவர் என்பதால் அவருக்கு மட்டும் கூடுதலாக ஒரு வசதி. தப்பித்தவறி வெளியே தள்ளப்பட்டால், இடம் காலியாகிற நொடியில் அது தானாகவே ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

“அட பெரம்பலூர்க்காரா, மெஷினுக்கே துண்டு போட்டுட்டியே!” என்று என் முதுகில் தட்டினார். பெயர் நிலைத்துவிட்டது. அடுத்த வாரம் பரிசோதனைக்கூடத்து மலையாளி வந்து, “எனிக்கும் ஒரு துண்டு” என்றார். எகிப்துக்காரக் கணக்கர் கேட்டார். பிலிப்பைன்ஸ் நர்ஸ்கள் ‘துந்து, துந்து’ என்று கேட்டார்கள். தமிழுக்கு நான் செய்த தொண்டு இது ஒன்றுதான்.

3

கயல்விழி பிறந்தபோது நான் இங்கே இருந்தேன். அரியலூர் ஆஸ்பத்திரியில் வளர்மதிக்கு ஏதோ ஓர் ஊசி போட்டு, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு விட முடியாமல் போய், பிழைத்தது மறுபிழைப்பு. எனக்குத் தந்தி வந்தது: பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். நடந்தது முழுக்கத் தெரிய அடுத்த விடுமுறை வரை ஆனது. அங்கிருந்த டாக்டரம்மா அந்த ஊசியின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, எங்கே போனாலும் முதலில் இதைக் காட்டு என்று சொல்லியிருந்தார். அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, நகைப் பெட்டியில் வைத்து, பாஸ்போர்ட்டுக்குக் காட்டாத பக்தியோடு வளர்மதி கொண்டுவந்தாள்.

இரண்டாவது பிரசவத்துக்காக இங்கே பதிவு செய்தபோது, அந்தச் சீட்டை நானே வாங்கிக் கொடுத்து மெஷினில் ஏற்றச் சொன்னேன். ஏறியது. எனக்கு மனதில் நிற்காத அந்தப் பெயரைத் திரையில் பார்த்தேன். பெருமையாக இருந்தது. பிறகு சீட்டைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டேன்.

“அத ஏங்க போடுறீங்க? இருந்துட்டுப் போவுது.”

“மெஷின்ல ஏறிடுச்சு. இனிமே காகிதம் என்னத்துக்கு?”

“மெஷினு ஏதாச்சும் ஆயிட்டா?”

“அப்ப நான் எதுக்கு இருக்கேன்?”

அவள் கூடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பேர் தெரிந்த சாமிக்கெல்லாம் மனசுக்குள் வேண்டிக்கொண்டிருப்பாள். என்னை நம்பி அவள் எதையும் விட்டதில்லை.

4

வலி எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை. இங்கே அதுதான் விடுமுறை நாள். கயல்விழியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு டாக்சியில் போனோம். பிரசவ வார்டு வாசலில் சிஸ்டர் நெனிதா நின்றார். பிலிப்பைன்ஸ்காரர். என்னிடம் துந்து வாங்கிப் பயனடைந்தவர்களில் ஒருவர். வேறு வார்டில் இருந்தவர் அந்த வாரம்தான் இங்கே மாறி வந்திருந்தார். பிரசவ வார்டுக்கு மட்டும் நான் இன்னும் துண்டு போடவில்லை. அடுத்த வாரம் போடலாம் என்று இருந்தேன்.

“காய்ச்சல் இருக்கிறது. ஊசி போட வேண்டியிருக்கலாம். ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதாவது உண்டா?” என்று பிரசவ வார்டு டாக்டரம்மா கேட்டார்.

“ஓர் ஊசி உண்டு.”

“எது?”

“மெஷினில் இருக்கிறது, டாக்டர்” என்றேன் கம்பீரமாக.

சிஸ்டர் திரையைத் தட்டினார். ‘இடமில்லை, பிறகு முயலவும்.’ இன்னொரு தடவை தட்டினார். அதே வரி. வெள்ளிக்கிழமை. பாதி ஆஸ்பத்திரி பூட்டிக் கிடக்கிறது. பூட்டிய அறைகளுக்குள் என் துண்டுகள் எல்லாம் ‘இருக்கிறேன், இருக்கிறேன்’ என்று சுரண்டிக்கொண்டிருக்கின்றன. சனிக்கிழமை காலை இடம் கிடைக்க வேண்டுமே என்று வியாழக்கிழமையே போட்டுவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு பஸ் முழுக்கத் துண்டு. ஆள் ஒருவரும் இல்லை.

“நீங்கள் இங்கேயே இருங்கள். உங்கள் மனைவி பேசுவது எங்களுக்குப் புரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்றார் சிஸ்டர்.

“ரெண்டே நிமிஷம்” என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

கீழே என் அறையில் என் துண்டும் ஒன்று இருந்தது. அதை எடுத்தால் ஓர் இடம் காலியாகும். மூன்று விசையில் வேலை முடிந்தது. லிப்டுக்குக் காத்திருக்காமல் படியேறி மூச்சிரைக்க வந்து, “இப்போது தட்டுங்கள்” என்றேன். தட்டினார். ‘இடமில்லை.’

நான் படியேறி வருவதற்குள் என் இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்துவிட்டார்கள். யாராக இருக்கும் என்று யோசிக்கவே தேவையில்லை. தானாக ஏறி உட்காரத் தெரிந்தது இந்தக் கட்டடத்திலேயே ஒன்றுதான், எப்படியோ வெளியே தள்ளப்பட்டுக் காத்திருந்த ஜமால் பாயின் துண்டு. அதைப் பெற்றவனும் நான்தான்.

பக்கத்தில் இருக்கிறது என்று முதலில் மேல்மாடி ஆண்கள் வார்டுக்கு ஓடினேன். அங்கே ஒரு நர்ஸ் நிஜமாகவே உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் வெளியே வர முடியுமா என்று கெஞ்சினேன். “இருதய நோயாளி இருக்கிறார். வந்தால் மறுபடி இடம் கிடைக்காது என்று நீதானே சொல்லிக்கொடுத்தாய்?” என்றார். சரி, என் மனைவியின் விவரத்தையாவது உங்கள் திரையிலேயே பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். முடியாதாம். பெண்கள் சமாசாரம் வெளியே தெரியக்கூடாது என்று, பிரசவ வார்டு விவரங்களைப் பிரசவ வார்டுத் திரையில் மட்டுமே திறக்க நிர்வாகம் உத்தரவு போட்டிருந்தது. அந்தப் பூட்டை மெஷினில் போட்டுக் கொடுத்ததும் இந்தக் கைதான்.

மிச்சம் இருந்தது சமையற்கட்டு. ஆபீஸ் அறை பூட்டியிருந்தது. சாவி ஜமால் பாயிடம். ஜமால் பாய் ஜும்மா தொழுகையில். பள்ளிவாசல் பக்கத்திலேயே. வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்கு நடுவே நின்று, அவர் செருப்பு எது என்று தேடினேன். கண்டுபிடித்து, அதன் பக்கத்திலேயே நின்றேன். தொழுகை முடிந்து வந்தவர் என் முகத்தைப் பார்த்து மிரண்டுவிட்டார்.

“என்னடா மாப்ள, யாருக்கு என்ன?”

“வளரு உள்ள இருக்கா பாய். உங்க துண்ட எடுக்கணும்.”

தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார் மனுஷன்.

“இது இல்ல பாய், மெஷின்ல போட்டது!”

இருவரும் ஓடினோம். தொப்பையைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால், நான் பின்னால். கதவைத் திறந்தார், உட்கார்ந்தார், ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேட ஆரம்பித்தார். 

“வெளிய வர்றதுக்கு என்னடா அடிக்கணும்? நான் வெளிய வந்ததே இல்லயே.”

“நவுருங்க பாய்” என்றேன். அடுத்து நான் செய்ததை மூளை உள்ளவன் செய்ய மாட்டான். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

திரை அணைந்தது. ஆனால் கீழே இருக்கிற பெரிய மெஷினுக்கு அது தெரியாதே. அதன் கணக்கில் ஜமால் பாய் இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கிறார், பேசாமல் இருக்கிறார், அவ்வளவுதான். பதறிப்போய்ப் பிளக்கைச் செருகி மறுபடி உள்ளே போகப் பார்த்தேன். ‘ஜமால் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்’ என்று வந்தது.

“நான் இங்கருக்கேன்டா!” என்று திரையைப் பார்த்துக் கத்தினார் ஜமால் பாய்.

உள்ளே இருக்கிறவரை அரைமணிக்கு முன்னால் இறக்கிவிடும் ரகசிய வார்த்தை உஸ்மான் சாருக்கு மட்டும்தான் தெரியும். சமையற்கட்டுப் போனில் அவர் வீட்டுக்கு அடித்தேன். ஒரு குழந்தை எடுத்தது. எனக்குத் தெரிந்த அரபி முழுக்க ஆஸ்பத்திரியில் கேட்டுப் பழகியது. பதற்றத்தில் என் வாயில் வந்தது, “எங்கே வலிக்கிறது? எத்தனை நாளாக வலிக்கிறது?” குழந்தை வைத்துவிட்டது. மறுபடி அடித்தேன். இந்தத் தடவை, ‘பாபா, கடல்’ என்கிற இரண்டு வார்த்தைகள் மட்டும் புரிந்தன. மீன் பிடிக்கப் போயிருந்தார்.

“நீ மேல போயி அந்தப் புள்ளகிட்ட நில்லுடா. இத நான் பாத்துக்குறேன்” என்றார் ஜமால் பாய்.

“இல்ல பாய், நீங்க தப்பா ஏதாவது அமுக்கிடுவீங்க.”

நின்றேன். மறுபடி பிடுங்கிய பிளக்கைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் செய்ய முடியாமல், மெஷினுக்குள் உட்கார்ந்திருக்கும் ஜமால் பாயின் ஆவி இறங்கட்டும் என்று அரைமணி நேரம் நின்றேன். 

5

அரைமணி கழித்து மேலே ஓடிப்போய், பிரசவ வார்டு வாசலில் இருந்த திரையை நானே தட்டினேன். சட்டென்று திறந்தது. வளர்மதியின் பெயர், வயது, அதன் கீழே பச்சை எழுத்தில் அந்த ஊசியின் பெயர். நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தேன். யாரிடம் சொல்வது என்று திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. உள்ளே குழந்தை அழுதது. அழுது கொஞ்ச நேரம் ஆகியிருக்க வேண்டும். அழுகையில் ஒரு பழக்கம் வந்திருந்தது.

சிஸ்டர் நெனிதா வெளியே வந்தார். “மிஸ்டர் ஏங்கா!” என்றார்.

“என் பெயர் அதில்லையே.”

“உங்கள் மனைவி அப்படித்தான் கூப்பிட்டார். ஏங்கா, ஏங்கா என்று விடாமல் கூப்பிட்டார். நானும் மூன்று தடவை வெளியே வந்து கூப்பிட்டேன், ‘மிஸ்டர் ஏங்கா’ என்று. உங்களைக் காணோம்.”

ஊசியோடு பக்கத்தில் போனதும் வளர்மதி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாளாம். எந்த ஊசி என்று பார்க்கவில்லை. ஊசி என்றால் விடமாட்டேன் என்று ஒரே பிடி. கடைசியில் டாக்டரம்மா, வேறு வகை மாத்திரை கொடுத்துச் சமாளித்திருக்கிறார். சிஸ்டர் கையை நீட்டிக் காட்டினார். ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தது.

சனிக்கிழமை காலை உஸ்மான் சார் வந்து அத்தனை துண்டுகளையும் ஒரே அடியில் வாரி எறிந்தார். முப்பத்திரண்டு இடமும் அன்றைக்கு எல்லோருக்கும் போதுமானதாகவே இருந்தது. அதை ஒருவரும் பெரிதாகப் பேசவில்லை. பேசினால் இன்னும் பத்து இடம் வராது.

இந்த ஒரு வருஷத்தில் இந்தக் கதையை நான் சொல்லாத தமிழ் வீடு இந்த நகரத்தில் இல்லை. ஜமால் பாய் தோள் துண்டை நீட்டியதைச் சொன்னால் சிரிப்பார்கள். ‘எங்கே வலிக்கிறது’ என்று குழந்தையைக் கேட்டதற்கு இன்னும் சிரிப்பார்கள். ‘மிஸ்டர் ஏங்கா’ வரும்போது சிலருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அந்த இடம் வருவதற்குள் வளர்மதி மட்டும் காப்பி போடவோ, குழந்தைக்குத் துணி மாற்றவோ எழுந்து போய்விடுவாள். நேற்றும் அப்படித்தான். கயல்விழி ‘நாட் ஃபேர்’ என்று போன பிறகும், நான் விடாமல் சமையலறை வரைக்கும் கதையைத் துரத்திக்கொண்டு போய், ஏங்கா வரைக்கும் சொல்லி முடித்தேன். வளர்மதி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஊரே சிரிக்குது. நீ ஒருத்திதான் ஒரு தடவகூட சிரிச்சதில்ல. ஏன் வளரு?” என்றேன்.

“வாசல்லயே நின்னிருக்கலாம்ல.”